நாவல் நடும்போது வன்னியில் நடக்கும் தவறுகள்

கனகராயன் ஆற்றங்கரையிலும் பழைய குளங்களின் அலைகரையிலும் (கட்டுக்கு எதிர்ப்பக்கம் நீர் ஏறி இறங்கும் கரை) மருதுகளோடு சேர்ந்து நிற்கும் நாவலைப் பார்த்தவர்கள், இது தண்ணீர் ஊற்றாமலே வளரும் மரம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கொதிக்கிற வெயிலிலும் அந்த மரம் பச்சையாக நிற்பதற்குக் காரணம், அதன் வேர் அடிநில ஈரத்தில் இருப்பதுதான். காணியில் நட்ட கன்றின் வேர் அந்த ஈரத்தை எட்டச் சில வருடங்கள் எடுக்கும். பெரும்பாலான கன்றுகள் அதற்கிடையில்தான் சாகின்றன.

தவறு விதையிலேயே தொடங்கிவிடும். பழம் ஆடி, ஆவணியை ஒட்டி விழும். நம்பி நடக்கூடிய மழையோ ஐப்பசியில்தான் வரும். ஆகவே விதையை வெயிலில் காயவைத்துப் போத்தலில் அடைத்து மழைக்குக் காத்திருப்பார்கள். பயறுக்கும் உளுந்துக்கும் அது சரி. நாவல் விதை உலர்ந்தால் செத்துவிடும். நிழலில் வைத்திருந்தாலும் இரண்டு கிழமைக்குள் முளைதிறன் பெரிதும் போய்விடும். பழம் தின்ற அன்றோ மறுநாளோ சதையைக் கழுவிவிட்டு ஊன்றுங்கள். மேல்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு 1 பங்கு கலந்து பைகளில் நிரப்பி, ஓரங்குல ஆழத்தில் விதையைப் படுக்கையாக வைத்து, நிழலில் ஈரம் காயாமல் பார்த்தால் இரண்டு முதல் நான்கு கிழமையில் முளைக்கும்.

அப்போது கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று முளைகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருக்கும். நாவல் விதையின் இயல்பு அது. எல்லாவற்றையும் விட்டுவைத்தால் ஒன்றும் உருப்படாது. பிடுங்கிப் பிரித்தால் நல்ல முளையின் வேரும் சேர்ந்து அறுந்துபோகும். தடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மண்மட்டத்தில் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்.

சின்னப் பை வாங்குவது இன்னொரு தவறு. ஆணிவேர் விரைவாக இறங்கி, பையின் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேரோடு நட்டால் கன்று முதல் வருடம் தளதளவென்று நிற்கும், அடுத்த கோடையில் வாடும். ஓரடி ஆழப் பை வேண்டும். காட்டில் முளைத்த கன்றைத் தோண்டி வருவதிலும் இதே ஆணிவேர்தான் அறுகிறது. ஒதுக்கக் காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது சட்டப்படி குற்றமும்கூட. கண்ணிவெடிப் பலகை நிற்கும் பக்கம் பழம் பொறுக்கவும் போகவேண்டாம்.

வாங்கும் கன்று நாவல்தானா என்று இலையில் பாருங்கள். இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடும். கசக்கினால் தேப்பந்தைலத்தை நினைவூட்டும் வாசம் வரும். வாசமே இல்லையென்றால் அது வேறு செடி.

மூன்று மாதக் கன்றை அதே ஐப்பசியில் நடலாமா? கிணறு பக்கத்தில் இருந்தால் நடலாம். இல்லாவிட்டால் பெரிய பைக்கு மாற்றி, அடுத்த வருட மழைக்கு நடுவதே நல்லது. குழி நீள, அகல, ஆழம் இரண்டடி; மரத்துக்கு மரம் 30 அடிக்குக் குறையக்கூடாது. மழை நின்றதும் கவனத்தை விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கன்று போகிறது. முதல் இரண்டு கோடையும் கிழமைக்கு இரண்டு தரம், தரத்துக்கு ஒரு வாளி தண்ணீர். அடியில் சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல். அறுவடைக்குப் பிறகு மாடுகள் கட்டாக்காலியாகத் திரியும் ஊரில், விடத்தல் முள்ளால் சுற்றி அடைக்காமல் நடுவது வீண்வேலை.

குளக்கட்டின்மேல் நடவே வேண்டாம். மரம் பட்டபின் வேர் உக்கிய துளை வழியே நீர் கசிந்து, கட்டு உடையக் காரணமாகும். நாவலுக்கு உகந்த இடம் அலைகரைதான், அதிலும் குளம் நிரம்பி வான்பாயும் மட்டத்துக்குச் சற்று மேலே. வளர்ந்த மரம் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். பிஞ்சுக் கன்று மூழ்கிக் கிடந்தால் அழுகும். நடுமுன் கமக்காரர் அமைப்பிடம் கேளுங்கள், அது குளத்தின் ஒதுக்கு நிலம்.

பூப்பதற்கு முன் கிளை வெட்டுவதும் பழத்தைக் குறைக்கும். பூங்கொத்து பெரும்பாலும் இலை உதிர்ந்த முதிர்ந்த சிறுகிளைகளில்தான் வரும். இதழ்கள் தொப்பிபோல ஒட்டியிருந்து கழன்று விழ, வெள்ளை மகரந்தத் தாள்கள் விரியும், தேனீ மொய்க்கும். அந்த நாட்களில் பக்கத்துத் தோட்டத்துக்குக்கூடப் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும்.

விதைக்கன்று காய்க்க எட்டுப் பத்து வருடம் எடுக்கும், ஒட்டுக்கன்று அதில் பாதி. பழத்துக்காக ஏறும்போது கிளையை நம்பாதீர்கள், பச்சையாக இருந்தாலும் சட்டென்று முறியும். கீழே படங்கு விரித்து, கொக்கைத்தடியால் உலுக்குங்கள். பழுத்த பழம் ஓரிரு நாளுக்குமேல் தாங்காது, ஆகவே விற்பவர்கள் காலையில் பறித்து அன்றே சந்தைக்குக் கொண்டுபோகவேண்டும். விதைத்தூளைச் சலரோகத்துக்குச் சாப்பிடுபவர்கள், வைத்தியர் தந்த குளிசையை அதற்காக நிறுத்தக்கூடாது.