அமெரிக்காவில் சுயதொழில் செய்வோர் டிப்ஸ் வருமானத்துக்கு வரிக்கழிவு பெறும் முறை

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான அமெரிக்க வரிச் சட்டம், 2025 முதல் 2028 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு, டிப்ஸாகக் கிடைத்த தொகையில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தருகிறது. டிப்ஸுக்கு வரியே இல்லை என்று தேர்தல் மேடைகளில் முழங்கப்பட்டது சட்டமானபோது பல நிபந்தனைகளோடுதான் வந்தது. அந்த நிபந்தனைகள் உணவக ஊழியரைவிட, செயலி வழியாக வாடகைக் கார் ஓட்டுபவர், வீட்டுக்கு உணவு கொண்டுசேர்ப்பவர், நாற்காலியை வாடகைக்கு எடுத்து முடிதிருத்துபவர் போன்ற சுயதொழிலாளரையே அதிகம் நெருக்குகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது, கிடைத்த தொகை இந்தக் கழிவுக்குத் தகுதியான டிப்ஸ்தானா என்பதாகும். வாடிக்கையாளர் தாமாக விரும்பித் தந்ததாக இருக்க வேண்டும்; ரசீதிலேயே கட்டாயமாகச் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம் இதில் சேராது. ரொக்கம், காசோலை, கடன் அட்டை, கைப்பேசிச் செயலி ஆகிய எந்த வழியில் வந்தாலும் பாதகமில்லை. செய்யும் தொழில், 2024 டிசம்பர் 31க்கு முன்பே வழக்கமாக டிப்ஸ் பெற்றுவந்த தொழில்களின் அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும். மேலே சொன்ன மூன்றும் அதில் உள்ளன. கோருபவருக்கு வேலை செய்யத் தகுதியுள்ள சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். மணமானவர் என்றால் கணவனும் மனைவியும் சேர்ந்தே வரிப்படிவம் தாக்கல் செய்தாக வேண்டும், ஆனால் அதனால் 25,000 டாலர் வரம்பு இரட்டிப்பாகிவிடாது.

அடுத்த நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சுயதொழிலாளரின் டிப்ஸ், பணம் கொடுத்த நிறுவனம் அனுப்பும் 1099-என்ஈசி, 1099-மிஸ்க், 1099-கே ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு படிவத்தின் தொகைக்குள் அடங்கியிருக்க வேண்டும். முடிதிருத்துபவரின் கையில் வாடிக்கையாளர் நேரடியாகத் தரும் 10 டாலர் நோட்டுக்கு எவரும் படிவம் அனுப்புவதில்லை என்பதால், அதை வருமானமாகக் காட்டியாக வேண்டுமே தவிரக் கழிக்க முடியாது. நேர்மையாகக் கணக்கெழுதுபவருக்கு இது அநியாயமாகத்தான் படும். இதே புதுச் சட்டம், செயலி நிறுவனங்கள் 1099-கே படிவம் அனுப்பியாக வேண்டிய வரம்பை மீண்டும் 20,000 டாலருக்கும் 200 பரிமாற்றங்களுக்கும் மேல் என்று உயர்த்தியிருப்பதால், பகுதிநேரமாக ஓட்டும் பலருக்கு அந்தப் படிவமே வராமல் போகலாம். 2025ஆம் ஆண்டுப் படிவங்களில் டிப்ஸைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொத்தத் தொகைக்குள் அது இருந்தால், செயலி தரும் வருமான அறிக்கை, அட்டை இயந்திரப் பதிவு, அன்றாடம் எழுதிவைத்த டிப்ஸ் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு நாமே பிரித்துக் கோரலாம் என்று அமெரிக்க மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் அறிவித்துள்ளது. ஆகவே தேதி, தொகை, வந்த வழி மூன்றையும் அன்றன்றே குறித்துவைப்பது நல்லது.

கணக்கிடும்போது, டிப்ஸ் உட்பட எல்லா வரவையும் முதலில் சுயதொழிலின் வரவு செலவுக்கான ஷெட்யூல் சி படிவத்தில் வருமானமாகக் காட்டிச் செலவுகளைக் கழிக்க வேண்டும். டிப்ஸுக்கான கழிவு, அந்தத் தொழிலின் நிகர வருமானத்தைத் தாண்டக் கூடாது. செயலி வழியாகக் கார் ஓட்டும் ஒருவருக்கு 9,000 டாலர் டிப்ஸ் உட்பட மொத்த வரவு 52,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். செயலி நிறுவனத்தின் கட்டணம் 13,000 டாலரும், 30,000 மைல் ஓட்டிய கார்ச் செலவாக, ஐஆர்எஸ் 2025ஆம் ஆண்டுக்கு அனுமதித்த மைலுக்கு 70 சென்ட் வீதத்தில் 21,000 டாலரும் போக, நிகர லாபம் 18,000 டாலர். டிப்ஸ் இதைவிடக் குறைவு என்பதால் 9,000 டாலரையும் கழிக்கலாம். அவரே 45,000 மைல் ஓட்டியிருந்தால் நிகர லாபம் 7,500 டாலராகச் சுருங்கி, கழிவும் அதற்கு மேல் போகாது.

ஆனால் கழிவு கிடைப்பது வேறு, வரி குறைவது வேறு. சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்கும் செலுத்தும் 15.3 சதவீத சுயதொழில் வரியை இந்தக் கழிவு தொடவே தொடாது. 18,000 டாலர் லாபத்துக்குச் சுமார் 2,543 டாலரை அவர் கட்டித்தான் ஆக வேண்டும். அதில் பாதியையும், 2025ஆம் ஆண்டில் தனிநபருக்கான 15,750 டாலர் நிலையான கழிவையும் எடுத்துவிட்டால், வேறு வருமானம் இல்லாத அவருக்கு வருமான வரிக்கு உரியதாக மிஞ்சுவது ஆயிரம் டாலருக்கும் குறைவே. டிப்ஸ் கழிவால் அவருக்கு மிச்சமாவது நூறு டாலரைக்கூட எட்டாது. வாழ்க்கைத் துணையின் சம்பளத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்து 12 சதவீத வருமான வரி அடுக்கில் இருப்பவருக்கோ உண்மையான பலன் உண்டு. எனினும், இப்படிக் கழித்த டிப்ஸை, சுயதொழில் வருமானத்துக்குக் கிடைக்கும் 20 சதவீதக் கழிவின் கணக்கில் மீண்டும் சேர்க்க முடியாது. எனவே 9,000 டாலர் கழிவால் வரிக்குரிய வருமானம் நிகரமாக 7,200 டாலர் அளவே குறைந்து, சுமார் 864 டாலர் மிச்சமாகும்.

சரிசெய்த மொத்த வருமானம், அதாவது நிலையான கழிவை எடுப்பதற்கு முந்தைய வருமானம், தனிநபருக்கு 150,000 டாலரையும், சேர்ந்து தாக்கல் செய்வோருக்கு 300,000 டாலரையும் தாண்டினால், தாண்டும் ஒவ்வோர் 1,000 டாலருக்கும் கழிவில் 100 டாலர் குறையும்.

கோருவதற்கான புதிய படிவம் ஷெட்யூல் 1-ஏ. அதை நிரப்பி, ஆண்டு வருமான வரிப்படிவமான 1040 படிவத்தோடு இணைக்க வேண்டும். நிலையான கழிவை எடுப்பவரும் இதைக் கோரலாம். பல மாநிலங்கள் தங்கள் வருமான வரியை மத்திய வரியின் சரிசெய்த மொத்த வருமானத்திலிருந்தே தொடங்குவதாலும், இந்தக் கழிவு அதற்குப் பிறகே வருவதாலும், அங்கெல்லாம் டிப்ஸுக்கு மாநில வரி முழுமையாக இருக்கும் என்று எண்ணியே காலாண்டு முன்வரியைக் கணக்கிட வேண்டும்.