பச்சை விளக்கு பொய் சொல்லும்போது: கிளவுட் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை நம் கணினியில் ஓட்டும்போது திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சிவப்பு எழுத்து வந்தால் கண்ணில் பட்டுவிடும். கிளவுடில், அதாவது இணையம் வழியாகப் பயன்படுத்தும் தொலைதூர சர்வர்களில், பார்க்க ஆளில்லை. கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் எக்ஸிட் கோடு என்ற ஓர் எண்ணை வைத்துத்தான் அங்கே தீர்ப்பு: 0 என்றால் வெற்றி (பச்சை விளக்கு), வேறு எதுவானாலும் தோல்வி (சிவப்பு). கட்டளை வரியில் நாம் செய்யும் தவறுகளில் மோசமானவை, இந்த எண்ணை நமக்கே தெரியாமல் கெடுத்துவிடுபவை.

நானே நன்றாக ஏமாந்திருக்கிறேன். பைதான் நிரல்களைச் சோதிக்கும் பைடெஸ்ட் கருவி தரும் வெளியீடு திரையிலும் தெரியட்டும், கோப்பிலும் சேரட்டும் என்று ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் குறி (|) போட்டு ‘டீ’ கட்டளைக்கு அனுப்பியிருந்தேன். (குழாய் வேலையில் வரும் மூவழி இணைப்பின் பெயர்தான் அது.) பல நாள் எல்லாம் பச்சை. வேறு எதையோ தேடிப் பதிவைத் திறந்தால், மூன்று சோதனைகள் தினமும் தோற்றுக்கொண்டிருந்தன. கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லில் பைப் போட்டால் கடைசிக் கட்டளையின் எண்தான் கணக்கில் வரும். பைடெஸ்ட் 1 என்றது. டீ தன் வேலையை ஒழுங்காக முடித்து 0 என்றது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுவதையும் தோல்வியாக்கும் ‘பைப்ஃபெயில்’ ஆப்ஷனை இயக்கியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். கிளவுடில் சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இன்னொரு நுட்பம் உண்டு: லினக்ஸில் ஷெல்லின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டால் பைப்ஃபெயில் வராது, பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால் அதுவும் சேர்ந்தே வரும்.

ஒரு சோதனைகூடக் கிடைக்காவிட்டால் பைடெஸ்ட் 5 என்ற எண்ணோடு தோல்வியாக முடியும். ஜாவாஸ்கிரிப்ட் சோதனைக் கருவியான ஜெஸ்டும் அப்போது தோல்வியாகவே முடியும். அந்தச் சிவப்பைப் பொறுக்காமல் ஜெஸ்டில் சோதனையே இல்லாவிட்டாலும் வெற்றி என்று சொல்லும் ‘பாஸ்வித்நோடெஸ்ட்ஸ்’ ஆப்ஷனைப் போட்டு வாயடைப்பவர்கள் உண்டு. பிறகொரு நாள் யாராவது கோப்புறையின் பெயரை மாற்றுவார். எதுவுமே ஓடாமல் பச்சை விளக்கு எரியும்.

ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிர்வகிக்கும் என்பிஎம் கருவி வழியாகச் சோதனைகளை ஓட்டுகிறீர்களா? ஆப்ஷனுக்கு முன் தனியாக ஓர் இரட்டைக் கோடு (--) போடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆப்ஷனை என்பிஎம் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். சோதனைக் கருவிக்குப் போய்ச் சேராது.

ஒரே நேரத்தில் இணையாக ஓட்டும் சோதனைச் செயல்முறைகளின் எண்ணிக்கையை ‘ஆட்டோ’ என்று விடுவதும் வம்புதான். கன்டெய்னருக்கு (சர்வருக்குள் சோதனைகள் தனித்து ஓடும் பெட்டி போன்ற சூழல்) நீங்கள் 2 சிபியு அளவு மட்டும் ஒதுக்கியிருக்கலாம்; கருவியோ பெரும்பாலும் அடியில் இருக்கும் சர்வரின் கோர்களை எண்ணும். அங்கே 64 இருந்தால் அத்தனை செயல்முறைகளும் ஒன்றாகக் கிளம்பி, நினைவகம் போதாமல் பாதியில் சாகும். எண்ணைக் கையால் எழுதிவிடுங்கள். குரோம் உலாவி மட்டும் நொறுங்கினால் கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரின் பகிர்வு நினைவகத்தைப் பாருங்கள்: இயல்பாக அது வெறும் 64 எம்பி.

கடவுச்சொல்லை ஆப்ஷனாக எழுதாதீர்கள். ஓடும் செயல்முறைகளின் பட்டியலில் அது அப்படியே தெரியும். கட்டளை வரிக்கு வெளியே வைத்து நிரல் படித்துக்கொள்ளும் சூழல் மாறியில் வையுங்கள்.

எல்லாம் அமைத்து முடித்ததும், வேண்டுமென்றே தோற்கும் ஒரு சோதனையை எழுதித் நிரலின் தனிக் கிளையில் (மூலத்தைத் தொடாத பிரதியில்) அனுப்புவது என் வழக்கம். அது சிவப்பாகும்வரை அந்தக் கிளையை அழிப்பதில்லை.