பேக்கப் இருக்கிறது, ஆனால் ரீஸ்டோர் ஆக மாட்டேன் என்கிறதா?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல் பேனலுக்குள் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்று ஒரு பழைய வசதி இன்னும் இருக்கிறது. கணினி முழுவதையும் அப்படியே படம் பிடித்து, சிஸ்டம் இமேஜாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது எந்தத் தொல்லையும் தராது. திருப்பிப் போடும்போதுதான் சிவப்புப் பெருக்கல் குறியோடு ‘சிஸ்டம் இமேஜ் ரீஸ்டோர் ஃபெயில்ட்’ என்று வந்து நிற்கும். என் தம்பியின் லேப்டாப்பில் எஸ்எஸ்டி (உள்ளே இருக்கும் சேமிப்பு டிஸ்க்) செத்துப்போனபோது எனக்கும் இதுதான் நடந்தது. பேக்கப் கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாளை வீணடித்தேன். பேக்கப் நன்றாகத்தான் இருந்தது, தப்பு வேறு இடத்தில்.

முதல் வேலை: கோப்புகளை வெளியே எடுங்கள்

மறுபடி மறுபடி ரீஸ்டோர் பட்டனை அழுத்துவதை நிறுத்திவிட்டு, பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு விண்டோஸ் கணினியில் செருகுங்கள். அதில் ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் உங்கள் கணினியின் பெயரில் இன்னொன்று, அதற்குள் ‘பேக்கப்’ என்று தொடங்கித் தேதியோடு முடியும் ஒன்று. அனுமதி இல்லை என்று சொன்னால் ‘கன்டினியூ’ அழுத்தினால் போதும்.

உள்ளே விஎச்டிஎக்ஸ் என்று முடியும் கோப்புகள் சில இருக்கும். பெரும்பாலும் அவற்றில் பெரியதுதான் உங்கள் சி டிரைவ். அதை இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அந்த நகலை டபுள் கிளிக் செய்யுங்கள். சாதாரண டிரைவ் போலத் திறந்துகொள்ளும். (சி, டி போன்ற டிரைவ் எழுத்து கிடைக்காமல் டிரைவ் தெரியாவிட்டால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஓர் எழுத்து கொடுங்கள்.) ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் போட்டோ, ஆவணம், டெஸ்க்டாப் எல்லாம் இருக்கும். நகலைத் திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: திறக்கும்போதும் அனுமதி கொடுக்கும்போதும் விண்டோஸ் அந்தக் கோப்புக்குள் எதையாவது எழுதிவைக்கும். அசல் தொடப்படாமல் இருக்கட்டும்.

கோப்புகள் கைக்கு வந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

ரீஸ்டோர் செய்யும்போது இமேஜே கண்ணில் படவில்லை என்றால்

ஃபோல்டரின் பெயரை மாற்றியிருக்கிறீர்களா? ‘பழைய பேக்கப்’ என்று இன்னொரு ஃபோல்டருக்குள் தள்ளி வைத்திருக்கிறீர்களா? இரண்டுமே கூடாது. டிஸ்க்கைத் திறந்தவுடன் முதல் மட்டத்திலேயே, அதே பெயரில் இருக்க வேண்டும். டிஸ்க்கை யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் நேராகக் கணினியிலேயே செருகுங்கள்.

‘ஃபர்ம்வேர் வேறு’ என்று சொன்னால்

தம்பியின் லேப்டாப்பில் என்னை ஏமாற்றியது இதுதான். வேறு கணினியின் இமேஜை இங்கே போட முடியாது என்கிற தொனியில் செய்தி வரும். அதே லேப்டாப்தானே என்று குழம்புவோம். விஷயம், ரீஸ்டோருக்காகச் செருகிய விண்டோஸ் பென்டிரைவ் எப்படி பூட் ஆனது, அதாவது கணினி அதிலிருந்து எப்படித் தொடங்கியது என்பதில் இருக்கிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்தான் ஃபர்ம்வேர். அதில் பழைய பயாஸ் முறை ஒன்று, புதிய யூஈஎஃப்ஐ முறை ஒன்று. இமேஜ் எடுத்தபோது விண்டோஸ் எந்த முறையில் ஓடியதோ அதே முறையில்தான் இப்போதும் பூட் ஆக வேண்டும்.

கணினியை ஆன் செய்ததும் பூட் மெனு பட்டனை அழுத்துங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஒரே பென்டிரைவ் பட்டியலில் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் மட்டும் யூஈஎஃப்ஐ என்று இருக்கும். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிறகு வந்த விண்டோஸோடு வாங்கிய கணினி என்றால் அநேகமாக அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’, ‘ட்ரபிள்ஷூட்’, ‘சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி’ என்று போங்கள்.

பென்டிரைவ் இல்லையா? மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு, 8 ஜிபி பென்டிரைவில் உருவாக்கலாம். விண்டோஸ் 10 இமேஜுக்கு விண்டோஸ் 10 பென்டிரைவே நல்லது.

‘தகுந்த டிஸ்க் இல்லை’ என்று சொன்னால்

புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதா என்று பாருங்கள். 500 ஜிபி டிஸ்க்கில் 60 ஜிபிதான் நிரம்பியிருந்தது என்றாலும், 240 ஜிபி எஸ்எஸ்டியை இந்த வசதி ஏற்காது. எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை, டிஸ்க்கின் மொத்த அளவைத்தான் பார்க்கிறது. சம அளவோ பெரியதோ வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் மறுத்தால், டிஸ்க்கில் ஏற்கெனவே பிரித்து வைத்த பகுதிகள் (பார்ட்டிஷன்கள்) குறுக்கே நிற்கலாம். அதே ‘ட்ரபிள்ஷூட்’ பக்கத்தில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து டிஸ்க்பார்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். அடுத்து லிஸ்ட் டிஸ்க். அளவை வைத்து, விண்டோஸைத் திருப்பிப் போடப்போகும் டிஸ்க் எந்த எண் என்று அடையாளம் கண்டு, செலக்ட் டிஸ்க் என்று அந்த எண்ணோடு கொடுங்கள். பிறகு கிளீன், யூஈஎஃப்ஐ என்றால் கன்வர்ட் ஜிபிடி (ஜிபிடி என்பது யூஈஎஃப்ஐக்கு வேண்டிய டிஸ்க் அமைப்பு). கிளீன் கட்டளை ‘நிச்சயமாகவா?’ என்றுகூடக் கேட்காது, அடித்த நொடியில் அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதனால் இந்த வேலையைத் தொடங்கும் முன் பேக்கப் டிஸ்க்கைக் கையால் கழற்றி மேசைமேல் வையுங்கள். முடிந்ததும் செருகி மறுபடி ரீஸ்டோர் கொடுங்கள்.

எதுவுமே நடக்கவில்லை என்றால்

ரீஸ்டோர் முடிந்தும் விண்டோஸ் எழவில்லை என்றால் ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவும் கைகொடுக்கவில்லையா, சரி, புதிதாக விண்டோஸ் போட்டு, முதலில் எடுத்து வைத்த கோப்புகளைத் திருப்பி வையுங்கள். மென்பொருள்களை மறுபடி நிறுவும் எரிச்சல் மட்டும்தான் மிச்சம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரீஸ்டோரோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல் என்பது என் கணக்கு. இந்த சிஸ்டம் இமேஜ் வசதியை 2017-லேயே மைக்ரோசாஃப்ட் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

கணினி எழுந்ததும் புதிய இமேஜ் எடுத்துவிட்டு, பென்டிரைவில் பூட் செய்து ‘சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி’ வரை போய்ப் பாருங்கள். பட்டியலில் இன்றைய தேதி தெரிகிறதா? தெரிந்தால் கேன்சல் அழுத்தி வெளியே வந்துவிடலாம்.