கருப்பு வெள்ளை: கேமராவிலேயே எடுப்பதா, பிறகு மாற்றுவதா?

கேமராவை மோனோக்ரோமில், அதாவது கருப்பு வெள்ளை அமைப்பில், வைத்து ஜேபெக்கில் மட்டும் எடுத்தால் நிறம் போனது போனதுதான், திரும்ப வராது. அதனால் ராவில் (RAW, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், ஆனால் மோனோக்ரோமை அணைக்க வேண்டாம். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், கோப்பில் நிறம் முழுசாக இருக்கும். நிறம் கண்ணை இழுக்காதபோது ஒளி எங்கே விழுகிறது, நிழல் எப்படி வெட்டுகிறது என்பதுதான் முதலில் கண்ணில் படும்; என்னைக் கேட்டால் இதுதான் பாதி வேலை.

அப்புறம், கணினியில் சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பூ, நிறத்தில் பளிச்சென்று இருந்தது, இப்படி மாற்றினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிப் பூவைத் தேட வேண்டியிருக்கும். எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்று ஸ்லைடர்களால் தீர்மானிக்கும் கருப்பு வெள்ளை மிக்சரில் சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்குங்கள், பூ வெளிச்சமாக எழும். மாற்றிச் செய்தால் இலை வெளுத்துப் பூ கருக்கும்.

ஃபிலிம் காலத்தில் நீல வானத்தைக் கருக்க லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டினார்கள். இப்போது நீல ஸ்லைடரை இறக்கினால் போதும். ரொம்ப இறக்கினால் வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ், கட்டட ஓரத்தில் வெள்ளைக் கோடு. 8 பிட் ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 256 வெளிச்சப் படிகள்தான், 14 பிட் ராவில் 16,384, அதனால் ஜேபெக் சீக்கிரமே உடைந்துவிடும்.

2012இல் வந்த லைக்கா எம் மோனோக்ரோம் மாதிரி, சென்சார்மேல் நிற வடிகட்டியே இல்லாத கேமரா என்றால் மட்டும் கதை வேறு: அதில் நிறமே பதிவாகாது, அதனால் வானத்தைக் கருக்க ஃபில்டரை மாட்டித்தான் எடுக்க வேண்டும்.