அறுபது வயதில் அம்மாவுக்கு எழுத்துச் சொல்லித் தருவது எப்படி

முதல் வேலை கண் பரிசோதனை. நாற்பதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் கிட்டப் பொருள் மங்கலாகத்தான் தெரியும். புள்ளி தெரியாதவருக்கு 'ம'வும் 'ம்'மும் ஒன்றுதான். "எனக்கு மண்டையில ஏறாது" என்று அவர் சொல்வதில் பாதி, கண்ணாடி இல்லாத குறை.

2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் அடிப்படை எழுத்தறிவுக்கு 200 மணி நேரம் கணக்கு வைத்திருக்கிறது. தினம் ஒரு மணி, வாரம் 5 நாள் என்றால் 40 வாரம். ஒரு மணியை இரண்டு அரை மணியாகப் பிரிப்பது நல்லது. ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் உட்கார வைத்தால், அடுத்த ஞாயிறுக்குள் எல்லாம் மறந்திருக்கும்.

அ, ஆ என்று தொடங்காதீர்கள். 247 எழுத்து என்ற கணக்கையும் சொல்லாதீர்கள், அந்த எண்ணே மிரட்டிவிடும். உண்மையில் பழக வேண்டியவை 18 மெய் வடிவங்கள், 7 குறிகள் (புள்ளி, கால், ி, ீ, ெ, ே, ை), பிறகு உயிரெழுத்துகள், கு-கூ வரிசைகள். ஔ வரிசை கடைசிக்கு.

தொடக்கம் அவருடைய பெயர். மாரியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். மா, ரி, ய, ம், மா, ள் என்று ஆறு அட்டைகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு எழுதுங்கள். இதிலேயே ம, ர, ய, ள என்ற நான்கு வடிவங்களும் புள்ளி, கால், இகரக்குறி என்ற மூன்று குறிகளும் வந்துவிட்டன. குறிகளை இடம் மாற்றினால் மாமா, மாமி, மாரி, மரம், யார், மாயம் எல்லாம் கிடைக்கும். முதல் வாரத்திலேயே முழுச் சொல்லை வாசித்துவிட்டவர் இரண்டாம் வாரமும் வந்து உட்காருவார்.

கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடம் கவனம் வேண்டும். பலர் அதைக் கோலம் போலப் படமாகத்தான் வரைகிறார்கள். அட்டைகளைக் கலைத்துப் போட்டு "இதில் ரி எது?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

அடுத்த சொற்கள் அவருக்குத் தேவைப்படுகிறவை: ஊர்ப் பெயர், பிள்ளைகள் பெயர், பஸ், ரேஷன், வங்கி, மஞ்சள். ஸ், ஷ இரண்டையும் இந்தச் சொற்களோடு பழக்கினால் போதும். ங், ஞ் இரண்டையும் தனியே சொல்லித்தர வேண்டாம். வங்கியின் 'ங்கி', மஞ்சளின் 'ஞ்ச' என்று சேர்த்தே காட்டுங்கள்.

சிக்கல் வரும் இடங்கள் அநேகமாக எல்லாருக்கும் ஒன்றுதான். காலும் ரகரமும் குழம்பும். 'மாரி'யில் இரண்டும் ஒட்டியே நிற்கின்றன. அச்சில் ர-வுக்குக் கீழே சாய்ந்த வால் இருக்கும் (சில அச்சுகளில் ரி, ர் மட்டும் வால் இல்லாமல் வரும்), காலுக்கு இராது. நீங்களும் வால் போட்டே எழுதுங்கள்.

பெரிய தடை கொம்புதான். 'கேணி'யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ 'க்'. கொம்பைப் பார்த்ததும் வாசிப்பு நின்றுவிடும். கொம்பையும் எழுத்தையும் சுற்றி ஒரே கட்டம் போட்டு, விரலைக் கட்டத்தின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். 'கொ', 'கோ'வுக்குக் கட்டம் அகலமாகும், அவ்வளவுதான். இதற்கு மூன்று வாரம் ஆகலாம். அவசரப்படுத்தினால் இங்கேதான் விட்டுவிடுவார்கள்.

கு, டு, து, பு, ரு ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைவதால் விதி சொல்லிப் பயனில்லை. வீடு, மாடு, காது, உப்பு என்று சொல்லோடு பழகட்டும்.

'இருக்கிறது' என்று அச்சில் இருப்பதை அவர் 'இருக்கு' என்று வாசித்தால் திருத்தாதீர்கள். அது பிழையே அல்ல. பொருள் புரிந்ததால்தான் அப்படி வாசிக்கிறார். 'பழம்' என்பதைப் 'பளம்' என்றாலும் விட்டுவிடுங்கள். உச்சரிப்பைத் திருத்தப் போனால் வாய் மூடிக்கொள்ளும். பேரப்பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதும் சொல்லித் தருபவரின் பொறுப்பு.

எழுத சிலேட்டும் பலப்பமும்தான் நல்லவை, தப்பு துடைத்தால் போய்விடும். அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கை அழுத்தி எழுதும். பென்சில் முனை உடைந்துகொண்டே இருந்தால் 'நமக்கு வராது' என்ற எண்ணம் வந்துவிடும். நோட்டுக்கு மாறும்போது பால்பாயின்ட் பேனா கொடுங்கள்.

கணக்குச் சொல்லித்தர வேண்டாம். சந்தையில் மனக்கணக்குப் போடுபவருக்கு எண்களின் வடிவம் மட்டும் போதும். 100 ரூபாய் நோட்டின் பின்புறம் மொழிகள் அடுக்கப்பட்ட கட்டத்தில் கீழிருந்து மூன்றாவது வரி தமிழ்: 'நூறு ரூபாய்'. வாழ்நாளெல்லாம் கையில் புழங்கிய தாளில் தன் மொழி இருப்பதைப் பார்க்கும்போது வரும் முகமலர்ச்சிக்காகவே அதை முதல் மாதத்திலேயே காட்டிவிடலாம்.

அறுவடை, திருவிழா என்று இடைவெளி விழும். திரும்பி வந்ததும் முதல் பக்கத்துக்குப் போகாமல், கடைசியாகச் சரளமாக வாசித்த சொற்களிலிருந்து தொடருங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தது. எழுத்து வெளியே போவதற்கும் உதவினால்தான் கையில் தங்கும். ஆகவே நான்காம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். வண்டி எண்ணைச் சொல்லாதீர்கள், யாரிடமும் விசாரிக்க விடாதீர்கள். பலகையை அவரே படித்து, "இதுதான் நம்ம வண்டி" என்று சொன்ன பிறகு ஏறுங்கள். தப்பாகச் சொன்னால் அடுத்த வண்டி வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.