லாரி டிபிஎஃப் கழற்றி மாட்டுவது: வி-கிளாம்ப்பில் நான் பட்ட பாடு

டிபிஎஃப் என்பது டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். அந்தக் கரியை ரீஜென், அதாவது ஃபில்டரைச் சூடாக்கும் சுத்திகரிப்பு, எரித்துவிடும். என்ஜின் ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும். அது நிறைந்துவிட்டால் ஃபில்டரை இறக்காமல் வேறு வழியில்லை.

1. முழுசாக ஆறட்டும். ரீஜென் ஓடும்போது உள்ளே சூடு 600 டிகிரியைத் தொடும். இரவு நிறுத்தி, காலையில் கை வைப்பதே என் வழக்கம். ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் யூரியா கரைசல்) உள்ள வண்டியில் சாவியை அணைத்த கையோடு பேட்டரியைக் கழற்றாதீர்கள். அதன் பம்ப், குழாயைக் காலி செய்ய சில நிமிடம் ஓடும்.

2. பிரஷர் சென்சாருக்குப் போகும் இரண்டு குழாயிலும் டேப் ஒட்டி முன், பின் என்று எழுதுங்கள். மாறினால் ரீடிங் தலைகீழாகும். வெப்ப சென்சாரின் நட் மட்டும்தான் சுற்ற வேண்டும், ஒயர் கூடவே முறுக்கக் கூடாது.

3. இனி வி-கிளாம்ப், அதாவது ஃபில்டரையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம். நட்டைத் தளர்த்தியும் வரவில்லையே என்று முதல் தடவை ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். வந்தது, ஃபிளாஞ்ச் (கிளாம்ப் பிடிக்கும், வெளியே துருத்திய குழாய் முனை) விளிம்பையும் வளைத்துக்கொண்டு. மாட்டிய பிறகு இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு, அதாவது லீக். செய்ய வேண்டியது இதுதான்: முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். நட்டைக் கடைசி மரை வரை தளர்த்துங்கள், முழுதாக எடுக்க வேண்டாம், கிளாம்ப் தெறிக்கும். பிறகு ரப்பர் சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் காடியை விட்டுத் தானே நழுவும். இம்பாக்ட் கன் இந்த நட்டுக்கு வேண்டவே வேண்டாம், மரை கடித்துக்கொள்ளும்.

4. கியர்பாக்ஸ் ஜாக்கியில் தாங்கி இறக்குங்கள். உள்ளே இருப்பது பீங்கான், தவறி விழுந்தால் அவ்வளவுதான். காற்றடித்து ஊதாதீர்கள், அந்தச் சாம்பல் நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போடுங்கள்.

5. மாட்டும்போது அம்புக்குறி புகை போகும் திசையில். கேஸ்கெட் புதிது, பழசை நம்பாதீர்கள். எல்லாம் நேராக உட்காரும் வரை கிளாம்ப்புகள் கைமுறுக்கில் இருக்கட்டும். பிறகு டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) பாதி முறுக்கு, சுற்றித் தட்டு, மறுபடி முறுக்கு. மேனுவலில் சொன்ன அளவில் நட் நகராமல் நிற்கும் வரை இதையே செய்யுங்கள்.

பின்சேர்க்கை: "புது ஃபில்டர் போட்டும் லைட் அணையவில்லை" என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஸ்கேனரில் சாம்பல் கணக்கை ரீசெட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஈசியூவுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அது இன்னும் பழைய ஃபில்டர்தான்.

இன்னொன்று. கழற்றியதன் முன்வாயில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் புதியதை மாட்டுவதற்கு முன் டர்போவைப் பாருங்கள்.