டார்ச் மூடி லூசா? இதெல்லாம் பண்ணிடாதீங்க

மூடி ஆடுதுன்னு டார்ச்ச எங்கிட்ட கொண்டு வர்றவங்க பாதிப் பேரு, ஏற்கெனவே ஏதோ ஒரு கைவைத்தியம் பாத்துட்டுத்தான் வர்றாங்க, எல்லாம் நான் கத்துக்கிட்ட புதுசுல பண்ணின அதே வேலைங்க. பேட்டரிய திருப்பிப் போடுற மாதிரி சில்லறைத் தப்பெல்லாம் விட்டுடுறேன்.

சூப்பர் க்ளூ

இதப் பாத்தா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வரும். மெட்டல் டார்ச்ல மூடிங்கறது வெறும் மூடி இல்லைங்க. பேட்டரியோட மைனஸ் பக்கம், ஸ்ப்ரிங், சுவிட்ச், மூடி, பாடின்னு கரண்ட் ஓடுற பாதையே அதுதான், மூடி தளந்தா லைட் மினுக்குறதும் அதனாலதான். அந்த எடத்துல க்ளூவ விட்டா, அது மரைக்குள்ள தானா ஊறிப் போயி பாடி விளிம்புலயும் படிஞ்சு காய்ஞ்சிடும், அதுல கரண்ட் போகாது. ஒருத்தர் கொண்டு வந்த சின்ன அலுமினிய டார்ச்ல மூடி அசையவே இல்ல, உள்ள அல்கலைன் பேட்டரி கசிஞ்சு விளிம்பு பூரா வெள்ளையா பூத்துக் கெடந்துச்சு. அசிட்டோன் விட்டா க்ளூ கரையும்தான், ஆனா பிளாஸ்டிக் லென்ஸ்ல பட்டுச்சுன்னா லென்ஸ் மங்கிப் போயிடும். எல்இடி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பேட்டரிய வெளிய எடுக்க வழியில்லாம மொத்த டார்ச்சும் குப்பைக்குப் போச்சு. அதுக்கு வேண்டியிருந்தது ஒரு ரப்பர் ஓ-ரிங், அவ்வளவுதான்!

டெஃப்லான் டேப்

ஆட்டம் நிக்கும், ஆனா அதுவும் கரண்ட்ட விடாது. சுத்தியே ஆகணும்னா மரையில மட்டும் ஒரே சுத்து, பாடியோட வெறும் விளிம்புல ஏறவே கூடாது.

கட்டிங் பிளேயர்

வேண்டவே வேண்டாம்.

உள்ள இருக்குற ரிங்க பாக்காம விடுறது

மூடிய இறுக்கியும் மினுக்குதுன்னா மூடிக்குள்ள எட்டிப் பாருங்க, சுவிட்ச்ச பிடிச்சிருக்குற ரிங்ல எதிரெதிரா ரெண்டு சின்ன வெட்டு இருக்கும், ட்வீஸரோட ரெண்டு முனையையும் அதுல குடுத்து மெதுவா இறுக்குங்க, நிறைய டார்ச் இதுலயே சரியாயிடும்.

பேட்டரி நீளம்

18650-ங்கற ரீசார்ஜ் லித்தியம் பேட்டரின்னா நீளம் 65 மில்லிமீட்டர்தான், ஆனா புரொடெக்‌ஷன் சர்க்யூட் (ஓவர் சார்ஜ் ஆகாம காக்குற சின்ன போர்டு) வச்சது 70 கிட்ட வரும், அதப் போட்டுட்டு மூடி முழுசா எறங்கலன்னு மரைய குறை சொல்றாங்க.

கோணலா திருகுறது

அலுமினிய மரை ரொம்ப மெல்லிசு. மூடிய வச்சு மொதல்ல இடப்பக்கமா திருப்புங்க, 'டிக்'னு ஒரு எறக்கம் கைக்குத் தெரியும், அப்புறம் வலப்பக்கமா விரலாலயே திருகுங்க. முக்கல் முனகல் வந்தா உடனே கழட்டிட்டு மறுபடி வைங்க.